சாவி நம் கையில், பட்டா யார் கையில்?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஊர்ப் பொது இடங்களைச் சமூகமே சொந்தமாக்கிக்கொள்வது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். கோயில், பள்ளிக்கூடம், மண்டபம், திடல், சுடுகாடு ஆகிய ஐந்தும் நம்மவர் வாழும் எந்த ஊரிலும் உண்டு. இவற்றை நாம் கூட்டிப் பெருக்குகிறோம், சாயம் அடிக்கிறோம், திருவிழா நடத்துகிறோம். பூட்டும் சாவியும் நம்மிடம்தான் இருக்கின்றன. ஆனால் நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு கேள்வியை ஒட்டித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் சுங்கை லாலாங் பக்கத்தில் இருந்து வருகிறேன். கெடா மாநிலம் கோலமூடா மாவட்டத்தில், பீடோங்கையும் சுங்கை பட்டாணியையும் ஒட்டிய பகுதி. சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரக் காடுகள். இன்று செம்பனையும் தாமான்களும் தொழிற்சாலைகளும். தோட்டத்தில் பிறந்தவர்கள் தாமானுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் கோயிலும் பள்ளியும் சுடுகாடும் பல இடங்களில் பழைய தோட்ட நிலத்திலேயே நிற்கின்றன. ஆட்கள் நகர்ந்துவிட்டார்கள், கட்டடங்கள் நகரவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த நிலை எப்படி வந்தது?

கெடா 1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின் வழியாகப் பிரிட்டிஷாரின் செல்வாக்குக்குள் வந்தது. அதை ஒட்டி இங்கே ரப்பர் தோட்டங்கள் பெருகின. கங்காணிகளின் வழியாகத் தமிழ்நாட்டில் இருந்து நம் முன்னோர் வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதற்குத் தடை போடும் வரை அந்த வரத்து நீடித்தது.

தோட்டம் என்பது ஒரு தனி உலகம். லயன் வீடு நிர்வாகத்துடையது. தண்ணீர்க் குழாய் நிர்வாகத்துடையது. ஆயாக்கொட்டகை, மருத்துவமனை, கள்ளுக்கடை எல்லாம் நிர்வாகத்துடையவை. பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னதால், ஒரு கொட்டகையில் பள்ளி வந்தது. கோயிலைத் தொழிலாளர்கள் கட்டினார்கள். துரையின் அனுமதியோடு, சம்பளத்தில் பிடித்த காசில் கட்டினார்கள். நிலம் மட்டும் கம்பெனியுடையது.

அந்தக் காலத்து மக்கள் அடங்கிக் கிடந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். போர் முடிந்த கையோடு 1946, 47-ஆம் ஆண்டுகளில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை எதிர்த்து மறியல் செய்தார்கள், தடியடியும் பட்டார்கள். எங்கள் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் எப்படிப்பட்ட கட்டடம் இருக்க வேண்டும் என்பதை நாங்களும் சொல்வோம் என்ற உணர்வு அதில் இருந்தது. நம் வட்டாரத்தின் வரலாறு இது.

ஆனால் சொல்லும் உரிமையைக் கேட்ட நாம், நிலத்தின் உரிமையைக் கேட்கவில்லை. அன்றைக்கு அது எட்டாத கனி. தோட்டம் என்றென்றும் இருக்கும் என்ற நம்பிக்கையும் ஒரு காரணம்.

கெடாவில் நடந்த ஒரு பெரிய காரியம்

அந்த நம்பிக்கை 1950-களிலேயே ஆட்டம் கண்டது. சுதந்திரம் நெருங்கியபோது வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அதைப் பற்றி உங்கு அஜிஸ் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். வேலை போனது. லயன் போனது. கோயிலும் பள்ளியும் கேட்பாரற்றுப் போயின.

அந்த நேரத்தில் ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி.சம்பந்தன் ஒரு வழி கண்டார். 1960-இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், ஆளுக்குப் பத்து வெள்ளி போடுங்கள், விற்கப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டார். நாள் கூலிக்குப் பால் வெட்டிய மக்களுக்குப் பத்து வெள்ளி பெரிய காசு. ஆனாலும் போட்டார்கள்.

அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் கெடாவில்தான். புக்கிட் சீடிம் தோட்டம், ஏறக்குறைய 3,000 ஏக்கர். அதற்குப் பிறகு நாடு முழுவதும் பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அந்தச் சங்கத்தின் கைக்கு வந்தன. கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்ற கட்டடம் அதே சங்கத்தின் தலைமையகம்.

இதில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? நம்மவர்களிடம் பணம் இல்லை, ஒற்றுமை இல்லை, ஒன்றும் நடக்காது என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்கு நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியும் பங்குதாரர் ஆனார். சட்டப்படி பதிவான ஓர் அமைப்பு இருந்தது, பணம் அந்த அமைப்பின் கணக்கில் இருந்தது, நிலம் அந்த அமைப்பின் பெயரில் எழுதப்பட்டது. இந்த மூன்றும் சேர்ந்ததால் காரியம் நடந்தது.

நூறு ஆண்டு இருந்தால் நமக்குச் சொந்தமா?

இப்போது ஒரு கசப்பான செய்தியைச் சொல்ல வேண்டும். 'எங்கள் கோயில் நூறு வருசமாக இங்கேதான் இருக்கிறது. யார் வந்து எடுக்க முடியும்?' என்று நம் மக்கள் நெஞ்சை நிமிர்த்திக் கேட்கிறார்கள். சில நாடுகளில், பல ஆண்டுகள் ஓர் இடத்தை அனுபவித்து வந்தவருக்குச் சட்டம் உரிமை கொடுக்கிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பில் 48-ஆவது பிரிவு, அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் பட்டா உரிமை பிறக்காது என்கிறது. தனியார் நிலத்துக்கும் அப்படியே. எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் பட்டாதாரர் தம் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று 341-ஆவது பிரிவு சொல்கிறது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர்.

பினாங்கு கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். மாடு வளர்த்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் வாழ்ந்த கிராமம். அந்த நிலம் அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பெயருக்கு மாறியது. வழக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை போயிற்று. 2009-இல் குடியிருப்பாளர்கள் தோற்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே நிலத்தைப் பெற்றதும் ஒரு கூட்டுறவுச் சங்கம்தான் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கையில் பட்டா இருந்தது. நம்மவர் கையில் நினைவுகள் இருந்தன.

அண்மையில் 2025-இல் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. நூற்று முப்பது ஆண்டுப் பழமை கொண்ட ஆலயம் என்கிறார்கள். அது இருந்த நிலத்தை மாநகர் மன்றம் 2014-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டிருந்தது. கடைசியில் அருகிலேயே வேறு இடத்துக்கு மாறுவது என்று 2025 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. பேச்சு வார்த்தையில் முடிந்ததே என்று நாம் பெருமூச்சு விட்டோம். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படி முடியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இதற்கு நேர் மாறாக, பினாங்கு தண்ணீர்மலைச் சாலையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1857-இல் அமைத்த தண்டாயுதபாணி ஆலயம் இருக்கிறது. ஊரும் ஆட்சியும் எத்தனையோ முறை மாறியும் அது அவர்கள் நிர்வாகத்தில் நிற்கிறது. நகரத்தார் வணிகர்கள், அவர்களிடம் முதல் இருந்தது, தோட்டத் தொழிலாளியை அவர்களோடு ஒப்பிடக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் பத்து வெள்ளி போட்டு 3,000 ஏக்கர் வாங்கியவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அதையும் மறக்கக் கூடாது.

நீங்கள் நிற்கும் நிலம் எந்த வகை?

சரி, இனி வழியைப் பார்ப்போம். நம் பொது இடங்கள் இருக்கும் நிலம் பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை, தோட்டக் கம்பெனி நிலம். இங்கே நமக்கு இருப்பது பெரும்பாலும் வாய்ச்சொல் அனுமதி. மேனேஜர் நல்லவர், கட்டிக்கொள்ளச் சொன்னார் என்பார்கள். மேனேஜர் மாற்றலாகிப் போவார், கம்பெனியே கைமாறும். வாய்ச்சொல்லால் வரும் வாடகை உரிமை மூன்று ஆண்டுக்கு மேல் சட்டத்தில் நிற்காது. அதற்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். முழு நிலத்துக்கு 99 ஆண்டு வரைக்கும், நிலத்தின் ஒரு பகுதிக்கு 30 ஆண்டு வரைக்கும் குத்தகை எழுதச் சட்டம் இடம் தருகிறது. பட்டா கொடுக்க மனம் வராத கம்பெனியிடம், பதிவு செய்த குத்தகையையாவது கேளுங்கள்.

இரண்டாவது வகை, வெறும் அரசு நிலம். சில இடங்களில் டி.ஓ.எல். என்ற தற்காலிக அனுமதி வைத்திருப்பார்கள். அது கையில் இருந்தால் நிலமே நம்முடையது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது ஆண்டோடு முடிந்துவிடும். மறு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது, யார் பெயரில் இருக்கிறதோ அவர் இறந்தால் அதுவும் போய்விடும். டி.ஓ.எல். நிலத்தில் லட்சம் வெள்ளி போட்டுக் கோபுரம் எழுப்புவது ஆற்று மணலில் அடித்தளம் போடுவது போன்றது.

மூன்றாவது வகை, ரிசாப் என்று சொல்லப்படும் பொது ஒதுக்கீட்டு நிலம். தாமான் திடல், சமூக மண்டபம், சுடுகாடு ஆகியவை இதில் வரும். 62-ஆவது பிரிவின்படி மாநில அரசு இதைக் குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு என்று அரசிதழில் அறிவித்து ஒதுக்கி வைக்கிறது. இது வெறும் அரசு நிலத்தைவிடப் பாதுகாப்பானது. ஆனால் ஒதுக்கீட்டை ரத்து செய்யும் அதிகாரமும் மாநில அரசிடமே இருக்கிறது. நம் ஊர்ச் சுடுகாடு அரசிதழில் ஏறியிருக்கிறதா, அல்லது வெறும் வழக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். பல ஊர்களில் இரண்டாவது பதில்தான் வரும்.

தமிழ்ப்பள்ளிகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். நாட்டில் ஐநூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். நிலம் அரசுடையது இல்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். ஒரு கூரையை மாற்றவும் ஒரு மாடி கட்டவும் பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர்களும் நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு வேர் இந்த நிலப் பிரச்சினையில் இருக்கிறது.

யார் பெயரில் எழுதுவது?

நிலம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை யார் பெயரில் எழுதுவது? நம் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

தலைவர் நம்பிக்கையானவர், அவர் பெயரிலேயே எழுதிவிடலாம் என்பார்கள். அவர் நம்பிக்கையானவராகவே இருக்கட்டும். அவர் காலமான பிறகு அந்தச் சொத்து சட்டத்தின் பார்வையில் அவருடைய பிள்ளைகளைச் சேரும். பிள்ளைகளில் ஒருவருக்குக் கடன் இருந்தால், நம் மண்டபமும் அந்தக் கடனில் மாட்டிக்கொள்ளும். நல்ல மனிதர்களை நாமே வாரிசு வழக்கில் தள்ளிவிடுகிறோம்.

சட்டம் வேறு வழிகள் வைத்திருக்கிறது. 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி, சங்கப் பதிவிலாகாவில் பதிவான ஒரு சங்கம் தன் பெயரிலேயே அசையாச் சொத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தச் சொத்து சம்பந்தமான பத்திரங்களில் மூன்று பொறுப்பாளர்கள் கையெழுத்திட வேண்டும், சங்கத்தின் முத்திரையும் வேண்டும், அவர்கள்தாம் பொறுப்பாளர்கள் என்று பதிவதிகாரி சான்று தர வேண்டும். ஒருவர் மட்டும் தனியாகப் போய்ச் சொத்தை விற்றுவிட முடியாது. இன்னொரு வழி, 1952-ஆம் ஆண்டின் அறங்காவலர்கள் பதிவுச் சட்டம். அதன்படி அறங்காவலர் குழு ஒரு சட்ட அமைப்பாகவே பதிவாகிறது. அறங்காவலர்கள் மாறினாலும் சொத்து மாறுவதில்லை. மூன்றாவது வழி கூட்டுறவுச் சங்கம். வருமானம் தரக்கூடிய மண்டபம், கடை வரிசை போன்றவற்றுக்கு இது பொருத்தமாக இருக்கும்.

எந்த வழியானாலும் ஓர் அடிப்படை உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட வேண்டும், கணக்கு ஒப்படைக்க வேண்டும், உறுப்பினர் பட்டியல் சரியாக இருக்க வேண்டும். பதிவு ரத்தான சங்கத்தின் பெயரில் சொத்து இருந்தால் அது யாருக்கும் பயன்படாது. நம்மில் இரண்டு கோஷ்டி மோதிக்கொண்டு ஆளுக்கொரு தலைவரைத் தேர்ந்தெடுப்பதும், பதிவிலாகா இருவரையும் வெளியே நிற்க வைப்பதும் எத்தனை ஊரில் நடந்திருக்கிறது!

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. ஸ்காட்லாந்தில் ஐக் என்று ஒரு சின்னத் தீவு. நம் தோட்டங்களைப் போலவே முழுத் தீவும் ஒரு முதலாளிக்குச் சொந்தமாக இருந்தது. அவர் விற்றால் இவர், இவர் விற்றால் இன்னொருவர். அங்கே வாழ்ந்த அறுபது சொச்சம் பேரும் யாரோ ஒருவருடைய நிலத்தில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்கள் ஓர் அறக்கட்டளையை அமைத்துப் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1997 ஜூன் மாதத்தில் ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டுக்குத் தீவையே வாங்கிவிட்டார்கள். பிறகு 2003-இல் ஸ்காட்லாந்து ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டு வந்து, நாட்டுப்புறத்து நிலம் விற்பனைக்கு வரும்போது முதலில் வாங்கும் வாய்ப்பை அங்கே வாழும் சமூகத்துக்குக் கொடுத்தது.

இங்கிலாந்தில் 2011-இல் ஒரு சட்டம் வந்தது. ஊர் மக்கள் ஒரு கட்டடத்தை எங்கள் சமூகத்துக்கு முக்கியமானது என்று உள்ளூர் மன்றத்தின் பட்டியலில் ஏற்றலாம். உரிமையாளர் அதை விற்க முற்படும்போது, நாங்கள் வாங்க முயல்கிறோம் என்று ஊர் அமைப்பு சொன்னால், பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் தரும்படி அந்தச் சட்டம் வகை செய்தது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால், எத்தனையோ தோட்டங்கள் கைமாறியபோது கோயிலுக்கும் திடலுக்கும் ஆறு மாத மூச்சு கிடைத்திருக்கும். நம் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் நாம் கேட்க வேண்டிய சட்டம் அது. நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகையால் கெடாவில் கேட்க வேண்டிய கதவு அலோர் ஸ்டாரில் இருக்கிறது.

அந்த நாடுகளின் அனுபவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. மன்றங்கள் சில நேரம் ஒழுகும் கூரையையும் விரிசல் விட்ட சுவரையும் சேர்த்துத்தான் ஊர் மக்களிடம் ஒப்படைக்கின்றன. சொந்தம் என்று வந்துவிட்டால் நிலவரி கட்ட வேண்டும், மதிப்பீட்டு வரி கட்ட வேண்டும், மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், தீக் காப்புறுதி, கழிப்பறைப் பராமரிப்பு என்று மாதா மாதம் செலவு வந்து நிற்கும். திறப்பு விழாவுக்கு ஆயிரம் பேர் வருவார்கள். கூரை ஒழுகும்போது மூன்று பேர்தான் இருப்பார்கள். எனவே எல்லாவற்றையும் சொந்தமாக்கிக்கொள்ள ஆசைப்பட வேண்டாம். நகராண்மைக் கழகம் புல் வெட்டிப் பராமரிக்கும் திடல் அவர்களிடமே இருக்கட்டும். அது ஒதுக்கீட்டு நிலமாக நீடிக்கிறதா என்று மட்டும் கண்காணிப்போம். கோயில், பள்ளி, சுடுகாடு இந்த மூன்றுக்கும்தான் முதலில் பத்திரம் வேண்டும். இழந்தால் மீண்டும் உண்டாக்க முடியாதவை அவை.

மண்டபம் வேண்டும் என்றால் ஊருக்கு ஒன்று போதும். கோயிலுக்கு ஒன்று, இளைஞர் மன்றத்துக்கு ஒன்று, கட்சிக் கிளைக்கு ஒன்று என்று மூன்று பாதி மண்டபங்கள் எதற்கு? எல்லா அமைப்புகளும் சேர்ந்து ஒரே அறங்காவலர் குழுவின் கீழ் ஒரு முழு மண்டபம் கட்டினால், அங்கே டியூஷன் வகுப்பும் நடக்கும், கல்யாணமும் நடக்கும், அண்டை வீட்டு மலாய்க்காரரும் சீனரும் வாடகைக்கு எடுப்பார்கள். வாடகை வந்தால் கூரை ஒழுகாது.

எப்போது கேட்பது?

கேட்பதற்கும் ஒரு காலம் இருக்கிறது நேயர்களே. புல்டோசர் வந்த பிறகு கற்பூரம் ஏற்றிப் பயனில்லை. தோட்ட நிலம் வீடமைப்பு நிலமாக மாற வேண்டும் என்றால், விவசாய நிலம் என்ற நிபந்தனையை மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். நிலத்தைப் பிரிக்க ஒப்புதல் வேண்டும். உள்ளூர் மன்றத்தின் திட்டமிடல் அனுமதி வேண்டும். மேம்பாட்டாளர் இந்தக் கதவுகளில் நின்று தட்டிக்கொண்டிருக்கும் காலம்தான் நமக்கு உரிய காலம். கோயிலுக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு, சுடுகாட்டுக்கு இவ்வளவு என்று தனி லாட் பிரித்து வை என்ற நிபந்தனையை அந்த நேரத்தில் போடலாம். அனுமதி கொடுத்து முடிந்த பிறகு யாரிடம் கேட்டாலும் அனுதாபம்தான் கிடைக்கும்.

அதற்கும் முன்பே, உள்ளூர் மன்றம் தன் வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும். ஆட்சேபம் தெரிவிக்க அவகாசமும் கொடுக்கும். அந்த வரைபடத்தில் நம் கோயிலும் சுடுகாடும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வரைபடத்தில் வெறும் பச்சை நிறமாக இருந்தால், நாளை வருபவருக்கு அது வெறும் காலி நிலம்.

சிலர் என்னிடம் ஓர் அச்சத்தைச் சொல்வார்கள். 'ஐயா, பேசாமல் இருந்தால் அவர்களும் பேசாமல் இருப்பார்கள். நாம் போய்க் கேட்டால் உள்ளதும் போய்விடும்' என்பார்கள். இந்த அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். துரையின் அனுமதியில் வாழ்ந்த தலைமுறைகளிடம் இருந்து நமக்கு வந்த அச்சம் அது. ஆனால் நிலப் பதிவேட்டைப் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. லாட் எண்ணோ பட்டா எண்ணோ தெரிந்தால், கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் 'சாரியான் பெர்செண்டிரியான்' என்ற தேடலைச் செய்யலாம். கோலமூடா மாவட்டத்துக்கான நில அலுவலகம் சுங்கை பட்டாணியில் இருக்கிறது. ஒரு காலை வேளையில் முடிகிற காரியம். உரிமையாளர் யார், நிலத்தின் மீது அடமானம் உண்டா, நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். நாம் பேசாமல் இருப்பதால் பட்டாதாரர் தம் நிலத்தை மறந்துவிடுவதில்லை. நமக்கு மட்டும்தான் விவரம் தெரியாமல் போகிறது.

இன்னொரு பழக்கம், வாக்குறுதியை நம்புவது. தேர்தல் நேரத்தில் தலைவர்கள் வந்து, இந்த நிலத்தை உங்களுக்கே வாங்கித் தருகிறேன் என்று மேடையில் சொல்வார்கள். நாம் மாலை போடுவோம், கை தட்டுவோம். கை தட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மறு நாளே சங்கத்தின் கடிதத்தாளில் ஒரு கடிதம் எழுதி, தாங்கள் கூறியபடி இந்த லாட் எண் நிலம் குறித்து நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம் என்று அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வாங்கி வையுங்கள். அடுத்த தலைவர் வரும்போது அந்த நகல்தான் பேசும். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நகராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்ட இந்த நாட்டில், மன்ற உறுப்பினரை நாம் வாக்கால் கேள்வி கேட்க முடியாது. கடிதத்தால்தான் கேட்க முடியும்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்தக் காரியத்தைச் செய்ய வேண்டியவர்கள் இளைஞர்கள். நம் கோயில் நிர்வாகங்களில் உள்ள பெரியவர்கள் உழைப்பாளிகள், பக்திமான்கள். ஆனால் மலாய் மொழியில் உள்ள நிலச் சட்டப் பாரத்தை நிரப்பச் சொன்னால் தயங்குவார்கள். வீட்டில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், நில அளவையாளர்கள் இருக்கிறார்கள், கணக்காளர்கள் இருக்கிறார்கள். திருவிழாவுக்குக் காவடி எடுக்க வருகிற பிள்ளைகள், ஆண்டுக்கு இரண்டு நாள் கோயில் கோப்பை எடுத்துச் சரி பார்க்க வந்தால், பெரியவர்கள் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோப்பை வீட்டு அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்துத் தோட்ட மேனேஜர் எழுதிக் கொடுத்த பழுப்பேறிய கடிதம், பழைய ரசீது, பழைய வரைபடம் எல்லாவற்றையும் நகல் எடுத்து மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். நீதிமன்றத்தில் அவை பட்டாவுக்குச் சமம் ஆகா. ஆனால் பேச்சு வார்த்தை மேசையில் மாற்று இடம் கேட்கும்போது அந்தக் கடிதத்துக்கு எடை உண்டு.

சுங்கை லாலாங்கைச் சுற்றி இருக்கும் தோட்டங்களில் இன்னும் சில, கைமாறும் நிலையில் இருக்கலாம். உங்கள் ஊரிலும் அப்படி இருக்கலாம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் திருவிழா வரவு செலவுக்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள்: நம் கோயில், நம் பள்ளி, நம் சுடுகாடு, இவை மூன்றின் லாட் எண் என்ன, பதிவேட்டில் உரிமையாளர் யார்? இரண்டு பேரை நியமித்து, அடுத்த மாதக் கூட்டத்துக்குள் அந்தத் தாளைக் கொண்டு வரச் சொல்லுங்கள். பதில் நல்லதாக இருந்தால் நிம்மதி. நல்லதாக இல்லை என்றாலும், அவகாசம் இருக்கும்போதே தெரிந்துகொண்டோம் என்ற ஆறுதல் கிடைக்கும். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது.